மலைச்சரிவில் வீடு, பாதை, லயம்: நிலச்சரிவு அபாயத்தைக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் புதைத்த மண், அந்த ஊர்களின் மண் அல்ல. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் காட்டுக்குள் பெயர்ந்து, ஆற்று வழியாக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் இறங்கி வந்தது அது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் சமதரையில்தான் குடியிருந்தார்கள். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தோட்டத் தொழிலாளர் லயங்களில் (வரிசை வீடுகளில்) 70 பேர் இறந்தபோதும் இதே கதைதான். சரிவு தொடங்கியது மேலே, உயிர்கள் போனது கீழே.

அபாயத்தைக் கணிக்கப் போகிறவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான். ஓரிடத்தின் ஆபத்து பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதில்லை. அதற்கு மேலேயும், மேலிருந்து தண்ணீர் வரும் வழியிலும் இருக்கிறது. பட்டா எல்லைக்குள் மட்டும் பார்த்து “இங்கே சாய்வு குறைவு, பயமில்லை” என்று எழுதித் தரும் அறிக்கை, எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், ஆளைக் கொல்லும்.

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், இடுக்கி, வயநாடு, இலங்கையின் பதுளை, நுவரெலியா போன்ற இடங்களில் வீடு, சாலை, பள்ளி, விடுதி கட்ட நினைப்பவர்களுக்கும், ஊராட்சியிலும் தோட்டங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம். தடுப்புச் சுவரின் வடிவமைப்பும் அடித்தளக் கணக்கும் மண் பொறியாளரின் வேலை. எந்த இடத்துக்குப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், எந்த இடத்தை விட்டே விலக வேண்டும் என்று பிரித்துச் சொல்வது நம் வேலை.

படி 1: எல்லையை மலைமுகட்டிலிருந்து வரையுங்கள்

ஆய்வுப் பகுதியின் மேல் எல்லை, உங்கள் இடத்துக்கு மேலே உள்ள மலைமுகடு. கீழ் எல்லை ஆறு. பக்கவாட்டில், இருபுறமும் தண்ணீர் பிரியும் மேடுகள். உங்கள் மனை 10 சென்ட்தான் இருக்கும். ஆனால் பார்க்க வேண்டிய பரப்பு 50 ஹெக்டேராகக்கூட இருக்கலாம். அதில் தயங்க வேண்டாம்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். முகட்டையும் பெரிய ஓடைகளையும் காட்ட அது போதும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் (ஜி.எஸ்.ஐ.) இதே அளவில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களைத் தயாரித்து, பூகோஷ் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையக மாவட்டங்களுக்கு 1:10,000 அளவில் மண்சரிவு வரைபடங்கள் வைத்திருக்கிறது.

இவற்றைப் படிக்கும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதைக் கணினியில் பெரிதாக்கி, “என் வீடு பச்சைப் (வாய்ப்பு குறைந்த) பகுதியில் விழுகிறது” என்று சொல்வதில் பொருளே இல்லை. இன்னொன்று இதைவிட மோசமானது. வாய்ப்பு வரைபடம் பெரும்பாலும் சரிவு எங்கே தொடங்கும் என்பதைத்தான் சொல்லும். பெயர்ந்த மண் எங்கே வந்து சேரும் என்பதைச் சொல்லாது. பச்சை வண்ணம் பூசிய பள்ளத்தாக்கு, மேலே உள்ள சிவப்பு மலையின் வாய்க்கு நேரே இருக்கலாம்.

படி 2: பழைய சரிவுகளைத் தேடிக் குறியுங்கள்

ஒருமுறை சரிந்த இடம் மறுபடியும் சரியும் என்பது இந்தத் துறையில் மிக நம்பகமான கணிப்பு. முண்டக்கைக்கு மேலே சரிவு தொடங்கிய அதே இடத்தில் பழைய சரிவின் தடம் இருந்ததைச் செயற்கைக்கோள் படங்களே காட்டின. முண்டக்கை இருக்கும் அதே மேப்பாடி ஊராட்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று புத்துமலை புதைந்திருந்தது.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். பெருமழை பெய்த ஆண்டுகளுக்கு அடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரி படங்களில் மேகமும் குறைவு, புது மண்தடமும் மூடியிருக்காது. நீலகிரிக்கு 2009 நவம்பர் முக்கியம்: சில நாள் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சரிவுகள் ஏற்பட்டு 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. (அந்த ஊரின் பெயரே 19ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த பெருஞ்சரிவால் வந்தது என்பார்கள். இப்படி இடப்பெயர்களுக்குள் சரிவு ஒளிந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் ‘உடைந்த மலை’, ‘சரிஞ்ச காடு’ என்ற மாதிரி பெயர் எதற்காவது உண்டா என்று கேளுங்கள்.)

ஒவ்வொரு தடத்துக்கும் இவை வேண்டும்: தொடங்கிய புள்ளி, நின்ற புள்ளி, அகலம், தேதி, அன்றும் அதற்கு முந்தைய மூன்று நாளும் பெய்த மழை, அப்போது மேலே நடந்த வேலை. சாலையோரச் சரிவுகள் மட்டும் பதிவாகிக் காட்டுக்குள் நடந்தவை விடுபடுவது வழக்கம். அந்தப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் ‘சாலைதான் காரணம்’ என்று மட்டுமே விடை வரும். வனத்துறைக் காவலர்கள், தேயிலை பறிப்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள் ஆகியோரிடம் கேட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

படி 3: நடந்து பாருங்கள், இரண்டு முறை

ஒரு நடை கோடையில். இன்னொன்று மழைக்காலத்தில், பெருமழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்து. கோடையில் மட்டும் போனால் ஊற்று தெரியாது. ஊற்று தெரியாத ஆய்வு பாதி ஆய்வு. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடைக்குள் இறங்க வேண்டாம்.

கையில் 30 மீட்டர் டேப், சாய்வு காட்டும் கைப்பேசி அல்லது ஏபனி லெவல் என்னும் சாய்வளக்கும் கைக்கருவி, ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, வெள்ளை பெயின்ட், நோட்டு. கைப்பேசியை ஒரு நீளக் குச்சியின் மேல் வைத்து, குச்சியைச் சரிவில் படுக்கவைத்து அளந்தால் சிறு மேடுபள்ளங்கள் கணக்கைக் கெடுக்காது. ஒரே திசை பார்த்து, ஏறத்தாழ ஒரே சாய்வில் இருக்கும் பகுதியை ஒரு சரிவுமுகமாக எடுத்துக்கொண்டு, அதில் ஐந்து இடத்திலாவது அளந்து சராசரி எடுங்கள்.

முகட்டிலிருந்து கீழே இறங்குவது நல்லது. மேலே தேட வேண்டியது பிறைநிலா வடிவ விரிசல். விரிசலின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தால் சரிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். கம்பியை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள். விரிசலுக்குள் மழைநீர் ஓடிய தடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். நடுச்சரிவில் மரங்கள், மின்கம்பங்கள், வேலிக்கல். எல்லாமே கீழ்நோக்கிச் சாய்ந்து, மரங்களின் அடி வளைந்து மேலே நேராகியிருந்தால் மண் மெதுவாக ஊர்கிறது. பல திசைகளில் தாறுமாறாகச் சாய்ந்திருந்தால் சரிவுத் துண்டு சுழன்று இறங்கியிருக்கிறது. அது இன்னும் தீவிரம். அடிவாரத்தில் தரை உப்பியிருக்கிறதா, பாதை நெளிந்திருக்கிறதா, முன்பு இல்லாத ஊற்று கலங்கலாக வருகிறதா என்று பாருங்கள். திடீரென நின்றுபோன ஊற்றும் அதே அளவு கெட்ட செய்தி.

மண்ணை, புதிதாக வெட்டிய சாலையோர முகத்தில் படியுங்கள். நீலகிரியில் சார்னக்கைட் பாறை ஆழமாக மக்கி, மேலே செம்மண், அடியில் வெளுத்த வழுவழுப்பான களி, அதற்கும் அடியில் பாறை என்று அடுக்காக இருக்கும். செம்மண் தண்ணீரை வேகமாக உள்ளே விடும். களி தடுத்து நிறுத்தும். அந்தச் சந்திப்பில்தான் தண்ணீர் தேங்கி மேல்மண்ணைத் தூக்கும். வெட்டுமுகத்தில் ஈரக்கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். முழங்கை நுழையும் அளவு துளைகள் தெரிந்தால், நிலத்தடியில் தண்ணீர் குழாய் போல அரித்துச் செல்கிறது. கேரள மலைகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல்.

மனிதக் கை பட்ட இடங்கள்தான் இந்த நடையின் மையம். செங்குத்தாக வெட்டிய மண்முகம். வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டி, அதன் மேலேயே கட்டிய வீடு. ஜேசிபி வைத்து நிரவிய சின்ன ஓடை. சரிவுக்குள் இறக்கிய செப்டிக் டேங்க் தண்ணீர். தண்ணீர்த் துளை வைக்காத தடுப்புச் சுவர். சாலைக்கு அடியில் குப்பையால் அடைத்த குழாய்ப் பாலம். தேயிலைத் தோட்டங்களில் ‘கான்’ என்று சொல்லும் வடிகால் மண் மூடிக் கிடப்பது. ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அடைத்த கானிலிருந்து அத்தனையும் ஒரே மூலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நிரவிய ஓடையை வரைபடத்தில் தனி வண்ணத்தில் குறியுங்கள். தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது.

படி 4: மதிப்பெண் போடுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 14496 (பகுதி 2), 1998, ஒவ்வொரு சரிவுமுகத்துக்கும் ஆறு காரணிகளில் மதிப்பெண் தரச் சொல்கிறது. பாறை அல்லது மண்ணின் வகைக்கு அதிகபட்சம் 2, அமைப்புக்கு (மண் மூடிய இடத்தில் மண்ணின் ஆழத்துக்கு) 2, சாய்வுக்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலப் பயன்பாட்டுக்கு 2, நீர்நிலைக்கு (நிலத்தின் ஈரத்துக்கு) 1. மொத்தம் 10. கூட்டுத்தொகை 3.5க்குக் கீழ் மிகக் குறைந்த அபாயம், 5 வரை குறைவு, 6 வரை நடுத்தரம், 7.5 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.

ஒரு மாதிரிக் கணக்கு. மேலிருந்து வந்து சேர்ந்த இறுகாத கல்லும் மண்ணும் கலந்த சரிவு: 2.0. மண்ணின் ஆழம் 6 முதல் 10 மீட்டர்: 0.85. சாய்வு 26 முதல் 35 டிகிரி: 1.2. உயர வேறுபாடு 101 முதல் 300 மீட்டர்: 0.6. நடுத்தரமான செடிமூட்டம்: 1.2. இதுவரை 5.85. கோடையில் போனவர் நிலம் காய்ந்திருப்பதைப் பார்த்து நீர்நிலைக்கு 0 போடுவார்; விடை ‘நடுத்தரம்’. மழைக்குப் பின் போனவர் ஈரத்தைப் பார்த்து 0.5 போடுவார், 6.35, விடை ‘அதிகம்’. அதே மலை, அதே படிவம். இரண்டு முறை நடக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

இந்த முறையில் மழை அளவு இல்லை, மண் ஓடும் தூரம் இல்லை, ஜேசிபியும் இல்லை. ஒரு பெரிய பகுதியில் எங்கே முதலில் கவனம் வைப்பது என்று வரிசைப்படுத்த மட்டுமே அது. ‘நடுத்தரம்’ என்று வந்ததைக் காட்டிக் கட்டட அனுமதி கேட்பதோ கொடுப்பதோ தவறான பயன்பாடு.

படி 5: தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

ஆழம் குறைந்த மண்சரிவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மண்ணைப் பிடித்து நிறுத்தும் வலிமையை, கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்பு எண் கிடைக்கும். அது 1க்குக் கீழே போனால் சரிவு.

சாய்வு 30 டிகிரி, மேல்மண் 2 மீட்டர், மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், ஒட்டும் வலிமை 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்திருக்கும்போது பாதுகாப்பு எண் 1.32. மண்ணின் பாதி ஆழம்வரை தண்ணீர் நின்றால் 1.05. மேல்மட்டம்வரை நிறைந்தால் 0.78. முப்பது ஆண்டு அசையாமல் நின்ற சரிவு ஒரே இரவில் இறங்கி வருவதற்கு இந்த மூன்று எண்களே விளக்கம். “எங்க தாத்தா காலத்திலிருந்து ஒண்ணும் ஆகலை” என்பது காய்ந்த நாளின் எண்ணைப் பற்றிய பேச்சு.

இன்னொன்றையும் மாற்றிப் பாருங்கள். மரம் வெட்டிய பின் சில ஆண்டுகளில் வேர் மக்கி, ஒட்டும் வலிமை 5இலிருந்து 2 ஆகிறது. இப்போது பாதித் தண்ணீரிலேயே எண் 0.86. மரம் வெட்டிய ஆண்டில் ஒன்றும் நடக்காததை வைத்துத் தைரியம் கொள்ளக் கூடாது.

வலிமை எண்களை ஊகத்தில் போடக் கூடாது. மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்குங்கள். மாதிரியை வெளுத்த களிக்கும் செம்மண்ணுக்கும் இடைப்பட்ட பட்டையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சுலபமாகக் கிடைக்கிறதே என்று மேல்மண்ணை எடுத்தால் எண் தாராளமாக வரும், மலை அப்படி நடந்துகொள்ளாது.

படி 6: எங்கே வந்து நிற்கும்?

உயிர்க்கணக்கு இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலான அறிக்கைகளில் இல்லாததும் இதே படிதான்.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எச்சரிக்கைப் பகுதி வரையும் விதிகளைத் தொடக்க அளவாக எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரிக்கு மேல் சாய்வும் 5 மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள சரிவுக்கு, மேல் விளிம்பிலிருந்து பின்பக்கம் 10 மீட்டர். அடியிலிருந்து முன்பக்கம் சரிவின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 50 மீட்டர். ஓடை வழியே சேறும் பாறையும் பாய்ந்து வரும் இடங்களில், பள்ளத்தாக்கின் வாயிலிருந்து தரையின் சாய்வு 2 டிகிரியாகக் குறையும்வரை முழுதும் ஆபத்துப் பகுதி. 2 டிகிரி என்பது கண்ணுக்குச் சமதரை. விளையாட்டு மைதானம் போலத் தெரியும்.

அந்தச் சமதரை எப்படி வந்தது என்று கேளுங்கள். ஓடையின் வாயில் விசிறி போல விரிந்த மேட்டில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். பெருங்கல், சிறுகல், சேறு எல்லாம் அடுக்கில்லாமல் கலந்து, பெரிய கற்கள் சேற்றுக்குள் மிதப்பதுபோல் கிடந்தால், அது பழைய பாய்ச்சல் கொண்டுவந்து போட்டது. ஆற்று வெள்ளம் போட்டதென்றால் மணலும் கூழாங்கல்லும் தனித்தனி அடுக்காக இருக்கும். தோட்டங்களில் லயமும் பாடியும் (தொழிலாளர் குடியிருப்பும்) கோயிலும் பள்ளியும் இந்த விசிறியின் மேல் அமைந்தது எளிதில் புரியக்கூடியது: வீடு கட்டத் தோதான தட்டையான நிலம் மலையில் வேறெங்கும் இல்லை, தண்ணீரும் பக்கத்தில்.

ஓடையை மேல்நோக்கி நடந்து, படுகையில் தேங்கிய மண்ணையும் கல்லையும் அளந்துகொள்ளுங்கள். மேலே சிறு சரிவாகத் தொடங்குவது, வழியில் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு பல மடங்காகும். சாலைக் குழாய்ப் பாலங்களில் மரமும் பாறையும் சிக்கித் தண்ணீரை அணைபோல் தேக்கி, பிறகு உடையும். அப்படி அடைபடக்கூடிய ஒவ்வொரு பாலத்துக்கும் கீழே இருக்கும் வீடுகளை எண்ணுங்கள்.

படி 7: உங்கள் மலைக்கான மழை அளவு

இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள்: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். தொடங்க இது நல்ல அடிப்படை. ஆனால் ஆண்டுக்கு 5,000 மி.மீ. பெறும் மலைமுகத்துக்கும் 1,200 பெறும் மலைமுகத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. படி 2இல் தொகுத்த பட்டியலை எடுத்து, சரிவு வந்த நாட்களின் மிகக் குறைந்த மழையையும், சரிவே வராத நாட்களின் மிக அதிக மழையையும் பக்கத்தில் எழுதுங்கள். விழிப்பு அளவைச் சரிவு வந்த மிகக் குறைந்த மழைக்கும் கீழே வையுங்கள். முந்தைய மூன்று நாள் மழைக்குத் தனிக் கட்டம் வேண்டும்; ஊறிப்போன மலைக்குக் கொஞ்சம் மழையே போதும்.

மழைமானியை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பள்ளத்தாக்கில் 60 பெய்யும்போது முகட்டில் 150 பெய்யலாம். ஒன்றைக் கீழேயும் ஒன்றை முகட்டுக்கு அருகிலும் வையுங்கள். நேரான பக்கமுள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும்: டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. மரத்துக்கும் கூரைக்கும் விலகி வையுங்கள். காலை 8.30க்கு ஒரு தடவை, மழை வலுத்தால் மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள்.

படி 8: யார், எந்த நேரத்தில், எங்கே?

இப்போது வரைபடத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: தொடங்கும் இடம், பாயும் வழி, படியும் இடம். அதன் மேல் ஒவ்வொரு வீட்டையும் வைத்து, இரவில் தூங்குபவர்களின் எண்ணிக்கை, நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைகள் என்று எழுதுங்கள். வீட்டு மதிப்பைப் பிறகு பார்க்கலாம். வெளியேறும் பாதை ஓடையைக் கடந்தால் அது பாதையே அல்ல. முகாமாகச் சொல்லியிருக்கும் பள்ளிக்கூடம் விசிறி மேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கும் ஊர்கள் உண்டு.

முண்டக்கை, பெட்டிமுடி இரண்டுமே இருட்டில் நடந்தவை. அதனால் வெளியேறும் முடிவை மாலை 5 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். வானம் வெளுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சொல்வதோடு வேலை முடிவதில்லை. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005லும் 2011லும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். போக வேறிடமும் பிழைப்பும் காட்டாத எச்சரிக்கையைத் தொழிலாளி எப்படி ஏற்பார்? ஆகவே அறிக்கையில் ‘இந்த 12 குடும்பங்கள் இடம்பெயர வேண்டும்’ என்று எழுதும் பக்கத்திலேயே, நடந்துபோகும் தூரத்தில் உள்ள மாற்றிடம், அதற்கும் இதே ஏழு படிகளில் செய்த ஆய்வு, நில உரிமை யாருடையது என்பது எல்லாம் இருக்க வேண்டும். அறிக்கையைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் (இலங்கையில் கிராம உத்தியோகத்தரிடமும்) மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான கையொப்பம் வாங்குங்கள்.

படி 9: விரிசலைத் தொடர்ந்து அளப்பது

விரிசலின் இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளி, முக்கால் மீட்டர் ஆழத்துக்கு இரண்டு இரும்பு முளைகளை அடியுங்கள். முளைத் தலையில் ஆணிக்குறி வைத்து, குறிக்குக் குறி அளக்க வேண்டும். ஒரே டேப், ஒரே ஆள், ஒரே நேரம். சுவர் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். உடைந்தால் சுவர் நகர்கிறது.

அளவை விட வேகம் முக்கியம். நாளைக்கு 2 மி.மீ. நகர்ந்தது மூன்று நாளில் 3 ஆகி, அடுத்த மூன்று நாளில் 6 ஆனால், ‘ஒன்றின் கீழ் வேகம்’ (ஒன்றை வேகத்தால் வகுத்த எண்) 0.5, 0.33, 0.17 என்று இறங்குகிறது. காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் இன்னும் மூன்று நாளில் சுழியைத் தொடும். அந்த நாளையொட்டிச் சரிவை எதிர்பார்க்கலாம். ஆழமான, மெதுவாக இறங்கும் சரிவுகளுக்கு இது பயன்படும். ஓடை வழியே பாயும் சேற்றுக்கு இத்தனை அவகாசம் கிடைக்காது. அங்கே கவனிக்க வேண்டியவை வேறு: பெருமழையில் ஓடைத் தண்ணீர் திடீரெனக் குறைதல், சிவந்து கலங்குதல், மேலிருந்து கற்கள் உருளும் சத்தம், பச்சை மண் வாசனை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அளக்க நிற்க வேண்டாம். ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள்.

மழை நின்றதும் உடனே திரும்பிவிட வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மேலும் ஓரிரு நாள் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். முளைகளின் இடைவெளி தொடர்ந்து 48 மணி நேரம் மாறாமல் இருந்து, ஊற்றுத் தண்ணீர் தெளிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் இருவர் முகடுவரை ஏறிப் புது விரிசல் இல்லை என்று பார்த்து வரட்டும். அதன் பின் குடும்பங்களை அனுப்புங்கள்.